அலுவலக உடையில் சைக்கிள்: மந்தைவெளி முதல் தேனாம்பேட்டை வரை

மந்தைவெளியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து, தேனாம்பேட்டையில் நான் கணக்குப் பிரிவில் பணிபுரியும் அலுவலகம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சில ஆண்டுகளாக இந்தத் தொலைவை நான் சைக்கிளில்தான் கடக்கிறேன்; வாரத்தில் இரண்டு மூன்று நாள் பருத்திப் புடவையிலும், மற்ற நாள்களில் சுடிதாரிலும். அலுவலகத்தில் உடை மாற்றிக்கொள்ளத் தனி அறை கிடையாது. வீட்டில் உடுத்திய உடையோடு கிளம்பி, அதே உடையோடு மேசையில் அமர்ந்து, மாலையில் அதே உடையோடு திரும்புகிறேன். என்னைச் சைக்கிளில் பார்க்கும் பெண்கள் முதலில் கேட்பது, "புடவை அழுக்காகிவிடாதா?" என்பதைத்தான். துணி அழுக்காவதும் ஆகாமலிருப்பதும் பெரும்பாலும் சைக்கிளின் அமைப்பைப் பொறுத்தது, உடுத்துபவரின் கவனத்துக்கு அதற்கு அடுத்த இடம்தான் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் பதில். அந்தப் பதிலை விரிவாக எழுதிவைத்தால், அருகிலேயே வேலை இருந்தும் துணிக்குப் பயந்து ஸ்கூட்டரிலோ ஷேர் ஆட்டோவிலோ போகிறவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இன்று பெரிய கடைகளில் முன்வரிசையில் நிற்பவை கியர் சைக்கிள்களும் தடித்த டயர் பூட்டிய மலைச் சைக்கிள்களும்தான். அவற்றில் செயின் முழுவதும் திறந்து கிடக்கும். மட்கார்டு இருக்காது, இருந்தாலும் டயருக்கு வெகு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டாக நீட்டிக்கொண்டிருக்கும். கேரியர் இல்லாததால் பையை முதுகில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் அவை நல்லவைதான் என்றாலும், அவற்றில் ஏறி அலுவலகத்துக்குப் போகிறவர் சைக்கிளுக்கென்று ஓர் உடையும் அலுவலகத்துக்கென்று ஓர் உடையுமாக இரண்டு செட் சுமக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பாடும் எதற்கு என்று ஒரு மாதத்தில் அந்தச் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடுவதை எங்கள் குடியிருப்பிலேயே பார்க்கிறேன்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பள்ளிக்குச் சென்ற ஆசிரியர்களும், மடிப்புக் கலையாத பேண்ட்டில் வங்கிக்குப் போன எழுத்தர்களும் ஓட்டிய கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். செயினை இருபுறமும் மூடிய தகரப் பெட்டி, டயரை ஒட்டி வளைந்து தாழ இறங்கிய மட்கார்டு, அதன் நுனியில் தொங்கிய ரப்பர் மடல், நிமிர்ந்து உட்காரும்படியான ஹேண்டில்பார், பின்னால் கனமான கேரியர் என்று அதன் ஒவ்வோர் உறுப்பும் அன்றாட உடையில் ஏறி அமர்பவரை நினைத்துச் செய்யப்பட்டது. அதே அமைப்பில் நடுக்கம்பியைத் தாழ வளைத்துச் செய்ததுதான் லேடீஸ் சைக்கிள். 1949-இல் தொடங்கப்பட்டு, அம்பத்தூரில் சைக்கிள் தயாரித்துவரும் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் வண்டிகள் இந்த ஊருக்குப் பழக்கமானவை. நான் ஓட்டுவதும் பழையதாக வாங்கிய ஒரு லேடீஸ் சைக்கிள்தான். கியர் கிடையாது. மந்தைவெளிக்கும் தேனாம்பேட்டைக்கும் இடையில் செயின்ட் மேரீஸ் சாலை, ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் சாலை என்று நான் போகும் வழியில் மேடு என்று சொல்லும்படி ஏதும் இல்லை. சென்னையின் பெரும்பகுதி இப்படிச் சமதளமாக இருப்பதால், குறுகிய தொலைவுக்கு ஒற்றைப் பல்சக்கரமே போதும். இதில் துணிக்கு ஒரு நேரடி ஆதாயம் உண்டு: செயின் ஒரே கோட்டில் ஓடுவதால் அதை முழுவதுமாக மூட முடியும். பின்சக்கரத்தில் பல அடுக்குப் பற்கள் வைத்து, செயினைப் பக்கவாட்டில் நகர்த்தி மாற்றும் கியரில் அது முடியாது.

செயின் கவரில் அரைக் கவர், முழுக் கவர் என்று இரண்டு உண்டு. அரைக் கவர் செயினின் மேல்பகுதியை மட்டும் மறைக்கும். முன்பல்சக்கரத்தின் வெளிமுகமும் செயினின் கீழோட்டமும் திறந்தே இருக்கும். வலது காலின் உட்புறத்தில் பேண்ட்டிலும் சுடிதாரிலும் பல்வரிசையாகக் கறுப்புத் தடம் பதிவது அந்த வெளிமுகத்திலிருந்துதான். முழுக் கவர் இந்தத் தொல்லையை ஒரேயடியாக முடித்துவிடுகிறது. ஆனால் அதை ஒருமுறை பூட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டிய வேலை வரும்போது கவரின் பின்பகுதியைத் திறந்தாக வேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலை என்பதால், பல கடைகளில் கழற்றிய கவரை ஓரமாக வைத்துவிட்டு, "இல்லாமலே ஓட்டலாம்மா, சத்தமும் வராது" என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கவர் சத்தம் போடுகிறது என்றால் எங்கோ ஒரு ஸ்குரூ தளர்ந்திருக்கிறது அல்லது தகரம் உள்ளே ஒடுங்கியிருக்கிறது என்றுதான் பொருள்; இரண்டையும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

கவருக்குள் இருந்தாலும் செயினுக்கு எண்ணெய் வேண்டும், அதுவும் அளவோடு. பயன்படுத்திக் கழித்த இன்ஜின் ஆயிலைத் தாராளமாக ஊற்றும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அந்த ஆயில் தெருப்புழுதியை இழுத்துக் கருஞ்சாந்தாக மாறி, கவரின் விளிம்பு வழியாக வழிந்து, பெடலிலும் ஸ்டாண்டிலும் சொட்டுகிறது. நான் மெல்லிய சைக்கிள் எண்ணெயை, செயினின் கீழோட்டத்தில் உட்புறமாக, ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு என்று விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் சிறிது நேரம் ஊறவைத்து, பிறகு பழந்துணியால் வெளிப்பக்கத்தை வறண்டுபோகும்வரை துடைத்துவிடுகிறேன். எண்ணெய் வேலைசெய்ய வேண்டியது கண்ணிகளுக்கு உள்ளே. வெளியில் இருக்கும் எண்ணெயால் செயினுக்கு எந்தப் பயனும் இல்லை, துணிக்குத்தான் கேடு. இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை மாலையில், அதுவும் பழைய நைட்டியில், வைத்துக்கொள்வது நல்லது. அன்று செய்தால் மிச்சமிருக்கும் எண்ணெய் திங்கள் காலைக்குள் வடிந்துவிடும்.

செயினைத் தவிர இன்னும் சில கறுப்பு மூலைகள் உண்டு, அவை பலருக்குத் தெரிவதில்லை. விலை மலிந்த ஹேண்டில் கிரிப்பின் ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுத்து உள்ளங்கையைக் கறுப்பாக்கும். அந்தக் கையால் கொசுவத்தைச் சரிசெய்தால் கறை அங்கே போய்விடும். கிரிப்பை மாற்றிவிடுவதுதான் வழி. பெடல் ரப்பரும் தேய்ந்தால் இப்படியே. சக்கரத்தின் ரிம் மீது அழுந்தும் பிரேக் கட்டைகள் தேயும்போது உதிரும் சாம்பல் நிறப் பொடி மழைநாளில் குழம்பாகி ரிம் முழுதும் படிந்திருக்கும். சைக்கிளை நகர்த்தி நிறுத்தும்போது உடை அதில் உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து மட்கார்டு. சுழலும் சக்கரத்திலிருந்து தண்ணீர் எங்கே கிளம்புகிறதோ அந்தப் புள்ளியிலிருந்து நேர்க்கோட்டில் தெறிக்கும். பின்சக்கரத்திலிருந்து முதுகுக்கு வரும் கோடு எல்லாருக்கும் தெரிந்ததே. அதைச் சாதாரணப் பின்மட்கார்டே தடுத்துவிடுகிறது. பாதத்தையும் புடவைக் கரையையும் கெடுப்பது முன்சக்கரம். அதன் பின்பகுதி தரையை விட்டு எழும் இடத்தில் தண்ணீர் தாழ்வாகத் தெறித்து நேராகப் பெடல்மேல் இருக்கும் காலில் வந்து விழுகிறது. முன்மட்கார்டு எவ்வளவு தாழ இறங்குகிறதோ அவ்வளவு தெறிப்பு குறையும், ஆனால் தகரத்தை ஓர் அளவுக்குமேல் தாழ்த்தினால் வேகத்தடைகளில் இடிக்கும். அதனால்தான் நுனியில் வளையக்கூடிய மடல் வைக்கிறார்கள். என் சைக்கிளில் இருந்த மடல் கிழிந்துபோயிருந்தது. கடைக்காரர் பழைய லாரி டியூபை மூன்று விரல் நீளம் கூடுதலாக வெட்டி, கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் ஆக்கி, இரண்டு போல்ட்டில் முடுக்கிக் கொடுத்தார். தரைக்கும் மடலுக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருக்கிறது. ஈரச்சாலையில் புடவைக் கரை சுத்தமாக வந்து சேர்வதற்கு, நான் செய்துகொண்ட ஏற்பாடுகளிலேயே மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பயன் தந்தது இந்த ரப்பர்த் துண்டுதான்.

பின்சக்கரத்தின் இருபுறமும் வலை அல்லது கம்பித் தடுப்பு இருக்கிறதா என்பதைப் புடவையோ துப்பட்டாவோ உடுத்துகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இது அழுக்கை மட்டும் சார்ந்தது அல்ல. ஸ்போக்கில் சிக்கிய துப்பட்டா கழுத்தை இறுக்கி உயிரையே பறித்துவிடும். நான் சுடிதார் அணியும் நாளில் துப்பட்டாவை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அலுவலகப் படியேறும்போது எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். அப்படி விரும்பாதவர்கள் பள்ளி மாணவிகள் செய்வதுபோல இரு தோளிலும் ஊசி குத்தி, பின்னால் தொங்கும் இரு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிந்துகொள்ளலாம்.

புடவை கட்டிச் சைக்கிள் ஓட்டுவதை நான் என் அம்மாவிடமிருந்து கற்றேன். எங்கள் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல், நடுக்கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே புடவையோடு பழகிய ஆயிரக்கணக்கான பெண்களில் அம்மாவும் ஒருவர். அவர் எனக்குச் சொன்னவற்றுள் முதலாவது உள்பாவாடையைப் பற்றியது. அடிச்சுற்று அகலமாக இருக்க வேண்டும். இப்போது உடம்போடு ஒட்டித் தைத்து விற்கும் உள்பாவாடைகளில் முழங்கால் மேலே எழும்போது துணி இழுபட்டு, புடவையின் கீழ்க்கரை முழங்காலோடு சேர்ந்து ஏறி இறங்கும். அப்போதுதான் கொசுவம் குலைகிறது. அகலப் பாவாடையில் கால் உள்ளேயே சுழலும், புடவை அசையாது. இரண்டாவது, நின்ற நிலையில் கரை தரையைத் தொடாமல் கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கும்படி கட்டிக்கொள்வது. அலுவலகத்துக்குப் போன பிறகு அந்த இரண்டு விரற்கடையை யாரும் கவனிப்பதில்லை. மூன்றாவது, முந்தானையைத் தோளில் ஊசி குத்தி, பின்னாலிருந்து வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டுவந்து இடது இடுப்பில் இறுக்கிச் செருகுவது. கொசுவத்தின் மேல்மடிப்பில் உட்பக்கமாக ஒரு பெரிய ஊசி குத்தினால் 4 கிலோமீட்டருக்கு அது அசையாது.

சீட்டில் உட்காரும் முன் பின்பக்கத் துணியை ஒரு கையால் கீழ்நோக்கி நீவிவிட்டு உட்கார்ந்தால், கஞ்சிபோட்ட பருத்திப் புடவையில்கூட மடிப்பு விழுவது வெகுவாகக் குறைகிறது. சீட் உயரத்தையும் பார்க்க வேண்டும். கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்பதற்காகச் சீட்டை மிகத் தாழ வைத்தால் முழங்கால் அளவுக்கு மீறி மேலே எழும்பும். உடையும் கசங்கும், உடலும் களைக்கும். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும், நின்றால் முன்பாதம் தரையைத் தொட வேண்டும். எனக்கு அந்த உயரம் சரியாக இருக்கிறது.

பேண்ட் அணிகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. என் கணவர் தன் கடைக்குச் சைக்கிளில் போகும் நாள்களில், வலது கால் பேண்ட்டின் அடியை வெளிப்புறமாகத் தட்டையாக மடித்து, எஃகுக் கிளிப் ஒன்றை மாட்டிக்கொள்கிறார். முன்பு எல்லாச் சைக்கிள் கடையிலும் தொங்கிய அந்தக் கிளிப் இப்போது தேடினால்தான் கிடைக்கிறது. ஒட்டுப்பட்டை வைத்த நாடாவும் அதே வேலையைச் செய்யும். பேண்ட்டைச் சுருட்டி மேலேற்றினால் முன்மடிப்பு கெடும். தட்டையாக மடித்தால் கெடாது. நாளாவட்டத்தில் பாலியெஸ்டர் கலந்த பேண்ட்டின் உட்காரும் பகுதி தேய்ந்து பளபளப்பது உண்டு. அதற்கு அகலமான வழவழப்பான சீட் உறை போதும்.

இனி வியர்வை. செயினையும் சேற்றையும் தகரமும் ரப்பரும் பார்த்துக்கொள்ளும். வியர்வையை மட்டும் ஓட்டுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை எட்டரை மணிக்கே வெயில் தோளில் ஏறிவிடுகிறது. அதைவிடத் தொல்லை தருவது கடற்கரை ஊரின் ஈரக்காற்று. வியர்வை சுரப்பதைத் தடுக்க முடியாது, அது ஆவியாகப் போனால் துணி நனையாது; ஈரக்காற்றில் அது ஆவியாகத் தயங்குகிறது. ஆகவே சுரக்கும் அளவைக் குறைப்பதுதான் வழி, அதற்கு முதல் மருந்து மெதுவாக ஓட்டுவது.

4 கிலோமீட்டரை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 20 நிமிடம். 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 13 நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்சமாவது 7 நிமிடத்துக்கும் குறைவு. அதிலும் பாதியைச் சிக்னல்கள் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் உடலின் கணக்கு வேறு. காற்றை எதிர்த்து ஒரு நொடிக்குச் செலவிடும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது, அதாவது வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றுக்கெதிரான உழைப்பு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. அந்த உழைப்பின் வெப்பம் முழுவதும் வியர்வையாக ரவிக்கையில் தெரியும். 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உழைப்பு விறுவிறுவென்று நடப்பதற்கு அருகில்தான் இருக்கிறது. முகத்தில் காற்றும் படுகிறது. எனவே 10 நிமிடம் முன்னதாகக் கிளம்புவதைவிட நல்ல வியர்வைத் தடுப்பு எதையும் நான் அறியேன். எட்டு மணிக்குக் கிளம்பினால் செயின்ட் மேரீஸ் சாலையில் ஒரு பக்கம் மரநிழலும் கட்டட நிழலும் விழுந்திருக்கும். ஒன்பது மணிக்கு அந்த நிழல் வெகுவாகச் சுருங்கி, பள்ளி வாகனங்களும் கூடிவிடும்.

டயரில் காற்றுக் குறைந்தாலும் வியர்க்கும். வெளிப்பார்வைக்குத் தெரியாத அளவு காற்று இறங்கியிருந்தால்கூட, மிதிக்க வேண்டிய பலம் கூடுவதைத் தொடை உணரும். வாரம் ஒருமுறை வீட்டுப் பம்பில் நானே காற்றடித்துக்கொள்கிறேன். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதன் மேல்வரம்பை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

பையை முதுகிலிருந்து இறக்கிவிட வேண்டும். முதுகுப்பை மாட்டியவரின் சட்டையில் பையின் வடிவத்திலேயே ஈரம் பதிந்திருப்பதை அலுவலகங்களில் பார்க்கலாம். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அது வரும். என் கைப்பையும் சாப்பாட்டுப் பையும் முன்கூடையில் போகின்றன. கோப்புகள் இருந்தால் கேரியரில், பழைய ஸ்கூட்டர் டியூபை நீளமாக அறுத்துச் செய்த பட்டையால் கட்டிவிடுகிறேன். சாப்பாட்டுப் பையைப் பற்றி ஒரு வார்த்தை: சாம்பார் டப்பா கூடையில் குலுங்கும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவை நிமிர்த்தி, அதற்கென்று தனிப் பையில் வைக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒருவரின் புடவையில் மஞ்சள் கறை ஏறியது சாலையிலிருந்து அல்ல, அவருடைய சாப்பாட்டுப் பையிலிருந்துதான்.

போய்ச் சேர்ந்த பிறகு வரும் வியர்வைதான் பலரைக் கலங்கடிக்கிறது. ஓடும் சைக்கிளில் படும் காற்று நின்றவுடன் நின்றுபோகிறது. உடலின் உள்வெப்பமோ உடனே தணிவதில்லை. ஆகவே இறங்கிய சில நிமிடங்களில் ஊற்றுப்போல வியர்க்கிறது. அந்த நேரத்தில் படியேறினால் ரவிக்கை முழுதும் நனைந்துவிடும். எல்டாம்ஸ் சாலைக்குள் திரும்பியதும் வேகத்தை இன்னும் குறைத்து, கடைசி அரைக் கிலோமீட்டரை மிதித்தும் மிதிக்காமலும் உருட்டிக்கொண்டு போகிறேன். அலுவலகம் சேர்ந்ததும் சைக்கிளைப் பூட்டி, நிழலில் ஐந்து நிமிடம் நின்று, முழங்கைவரை கைகளையும் பிடரியையும் குளிர்ந்த நீரால் கழுவி, ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுக்கிறேன். அழுந்தத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மறுபடியும் சூடேறும். அதன் பிறகுதான் மின்விசிறிக்குக் கீழே போகிறேன்.

துணியின் தேர்வும் இங்கே கைகொடுக்கிறது. கனம் குறைந்த கைத்தறிப் பருத்தி ஈரத்தை உறிஞ்சி விரைவில் காயவிடுகிறது. பாலியெஸ்டர் நனைந்ததாக வெளியே தெரியாவிட்டாலும் வாடை பிடித்துக்கொள்கிறது. நிறங்களில் வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் வியர்வையை உடனே காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் கருநீலமும் கறுப்பும் ஈரத்தைக் காட்டா. ஆனால் அடர்நிறங்களில் காய்ந்த பிறகு வெள்ளை உப்புக்கோடு தெரியும். கட்டம் போட்டவை, சிறு பூ அச்சிட்டவை இரண்டையும் மறைக்கும். ரவிக்கைக்கு அக்குள் பகுதியில் மட்டும் பருத்தித் துணியை இரட்டையாக வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். தையல்காரரிடம் கேட்டால் கூடுதலாகச் சிறு தொகைதான் வாங்குவார். பட்டுப்புடவை கட்ட வேண்டிய நாளில் நான் சைக்கிளை எடுப்பதில்லை, பேருந்தில் போகிறேன். வியர்வை பட்ட பட்டு நாளடைவில் நைந்துபோகும். அதற்கு எந்த ஏற்பாடும் கைகொடுக்காது.

ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் புடவைமேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது நம் ஊரில் பரவலான வழக்கம். புழுதிக்கு அது நல்ல காப்பு. ஆனால் சைக்கிளில் மிதிக்கிற வேலையும் சேர்வதால் கோடையில் அது வியர்வைக் கூண்டாகிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் மட்டும் ஒரு மெல்லிய சட்டையைப் போட்டுக்கொள்கிறேன்; மற்ற மாதங்களில் பருத்திக் கையுறை போதும். புழுதிக்கு நான் செய்வது பாதையை மாற்றிக்கொள்வது. மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டிய சாலைகளில் பத்து நிமிடம் நின்றால் வெள்ளைத் துணி பழுப்பேறிவிடும். இரண்டு தெரு சுற்றினாலும் உட்தெருக்கள் வழியாகப் போனால் துணியும் நுரையீரலும் தப்புகின்றன. தண்ணீர் லாரிக்குப் பின்னாலும் குப்பை லாரிக்குப் பின்னாலும் ஒருபோதும் ஓட்டக் கூடாது. முன்னது வழிநெடுகத் தண்ணீரைச் சிந்திப் புழுதியைச் சேறாக்குகிறது. பின்னதிலிருந்து சொட்டும் கழிவுநீரின் நாற்றம் இரண்டு சலவைக்கும் போகாது. நின்று, அவற்றைப் போகவிட்டுத் தொடர்வதே நல்லது.

மழைக்காலம் தனி. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில், தூறல் நாளில் நான் சைக்கிளில் போகிறேன். கொட்டும் நாளில் போவதில்லை. இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறேன், ஏனென்றால் கனமழையில் சென்னைத் தெருவில் துணியைவிடப் பெரிய ஆபத்துகள் இருக்கின்றன: தேங்கிய நீருக்கடியில் திறந்து கிடக்கும் மூடி, மழைநீரோடு கலந்த சாக்கடை, அறுந்து தொங்கும் மின்கம்பி. தூறலுக்கு, முழு மழைக்கோட்டைவிடத் தலைவழியாகப் போட்டு ஹேண்டில்பார்வரை விரியும் போர்வை போன்ற மழையாடை மேலானது. கீழே திறந்திருப்பதால் காற்று உள்ளே வரும், புழுங்கி நனையாது. காலில் ரப்பர்ச் செருப்பு, பையில் அலுவலகச் செருப்பு. அலுவலக மேசையின் கீழறையில் ஒரு சுடிதார் செட்டும் ஒரு துண்டும் பிளாஸ்டிக் உறையில் எப்போதும் இருக்கின்றன. அவை அங்கே இருப்பதால்தான் மேகத்தைப் பார்த்து அஞ்சாமல் கிளம்ப முடிகிறது.

சாலையில் தேங்கிய நீரைப் பொறுத்தவரை, நம் சக்கரம் தெறிப்பதை மடல் தடுத்துவிடும். பக்கத்தில் போகும் காரும் பேருந்தும் வாரியடிக்கும் நீரை எதுவும் தடுக்காது. அதற்கு நான் கடைப்பிடிப்பது இதுதான்: முன்னால் குட்டை தெரிந்ததும் அதற்குப் பத்துப் பதினைந்து அடி முன்பே நின்று, பின்னால் வரும் வண்டிகளைப் போகவிட்டு, சாலை காலியான இடைவெளியில் குட்டையின் மறுகரைக்குப் போய்விடுவேன். குட்டைக்கு இணையாக எந்த வண்டியோடும் சேர்ந்து போவதில்லை. சைக்கிளை ஓரத்தோடு ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம் நனைகிறார்கள், ஏனென்றால் நீர் தேங்குவதும் ஓரத்தில்தான்.

நிறுத்தும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் அலுவலக வளாகத்தில் நல்ல நிழல் தருவது ஒரு நாவல் மரம். ஜூன், ஜூலையில் அதன் பழம் சீட்டில் விழுந்து நசுங்கினால், கவனிக்காமல் உட்காருகிறவரின் புடவை அன்றோடு சரி. நாவற்கறை பருத்தியை விட்டு லேசில் போகாது. காக்கைகள் அடையும் தூங்குமூஞ்சி மரத்தடியும் அப்படியே. அந்த மாதங்களில் மதில் ஓரத்தில் நிறுத்துகிறேன். எங்கே நிறுத்தினாலும் சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டு, கிளம்பும்போது அதைக் கழற்றிக் கூடையில் போடுகிறேன். மழைநீரை உறிஞ்சிய பஞ்சுச் சீட் வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும், உட்கார்ந்ததும் ஈரத்தைத் துணிக்குக் கொடுத்துவிடும். மட்டரக ரெக்சினாக இருந்தால் கறுப்புச் சாயத்தையும் சேர்த்துக் கொடுக்கும். புதுச் சீட் வாங்கினால் ஈர வெள்ளைத்துணியால் அழுந்தத் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மாற்றிக் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எப்போதாவது கறை படும். அப்போது செய்யக் கூடாதது, பதற்றத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. செயின் எண்ணெய்க் கறையில் எண்ணெயும் கரித்தூளும் கலந்திருக்கின்றன. தேய்த்தால் கரித்தூள் நூலிழைக்குள் இறங்கிவிடும். முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ கறைமேல் தூவி அப்படியே விட்டுவிட வேண்டும். அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மாலையில் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, துணியின் பின்பக்கத்திலிருந்து விரலால் மெல்ல அழுத்தி, வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். பழைய கறைக்கு மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றலாம். ஆனால் அதற்கு முன் மடிப்பின் உட்பக்கத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும், அடுப்புப் பக்கம் போகாமல் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். சேறு இதற்கு நேர் எதிர்: அதை முழுதாகக் காயவிட்டு, பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, பிறகுதான் நனைக்க வேண்டும். கேரியரின் துருக்கறை பட்டால் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் தடவி வெயிலில் சிறிது நேரம் வைத்தால் வெள்ளைப் பருத்தியில் போய்விடும். சாயத்துணியில் இதைச் செய்தால் நிறமும் வெளுக்கும், அதனால் அங்கே தவிர்க்க வேண்டும். துரு கறையாவதற்கு முன்பே கேரியருக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடித்துவிடலாம். நான் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு, செப்டம்பர் மாதத்தில், ஒரு சிறு டப்பா கறுப்பு எனாமல் வாங்கி, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டின் கம்பிகள் மூன்றுக்கும் அடித்து, மடலின் போல்ட்டையும் செயின் கவரின் ஸ்குரூக்களையும் ஒருமுறை முடுக்கி வைத்துவிடுகிறேன்.